பொத்தானுக்கு வைத்த பொட்டு

ஆறு நாள் வேலை பார்த்த கடவுளே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று பிரின்சி சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் படித்திருக்கிறாள். அந்தக் கடவுளுக்கு இரண்டாம் ஷிப்டு கிடையாது, மாமியார் கிடையாது, உயிர் வராத கேம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முழிக்கிற துணையும் கிடையாது. ஓய்ந்திருக்க அவருக்கு என்ன கஷ்டம்.

சனிக்கிழமை இரண்டாம் ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஆரம்பாக்கம் வந்து இறங்கிப் படுத்ததுதான் அவளுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை வெயில் முகத்தில் விழுந்து எழுப்பியபோதும் நின்று நின்று வீங்கிய கால் வடியவில்லை. நடு வீட்டில் துண்டை விரித்து, பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு, பக்கத்தில் சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு அவள் புருஷன் துளசிராமன் உட்கார்ந்திருந்தான். அவன் சரியாகத் தூங்கியும் சில நாள் ஆகிவிட்டது. கண் இரண்டும் மிளகாய் அரைத்த கை பட்ட மாதிரி சிவந்து கிடந்தன.

பெட்டி என்று சொல்வது அவன் அம்மா குணசுந்தரி வைத்த பெயர். கம்ப்யூட்டர்தான் அது, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளையாடுகிற அளவுக்குச் சுருக்கிச் செய்திருக்கிறார்கள். நடுவில் திரை, இரண்டு பக்கமும் குமிழும் பொத்தானும். சிப்காட் தொழிற்பேட்டையில் இரும்பு உருக்குகிற கம்பெனியில் துளசிராமனுக்கு உலைக்கு முன்னால் வேலை. வாரம் முழுக்க வெந்துவிட்டு வருகிறவன், வீட்டுக்கு வந்ததும் இந்தப் பெட்டியில் பனிமலை மேல் லாரி ஓட்டுவான். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளையாகப் பனி, அதில் ஒற்றை லாரி, வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். கல்யாணத்துக்கு முந்தி ஆரம்பித்த பயணம் அது. பாதி தேசத்தைத் தாண்டிவிட்டான். அதைப் பார்த்துக்கொண்டே அவன் தோளில் சாய்ந்து தூங்கிப்போவது பிரின்சிக்கும் பழகிவிட்டது. அவர்கள் குடும்பம் நடத்தியதே பெரும்பாலும் அந்தப் பனிக்குள்தான்.

அந்தப் பெட்டிதான் ஆயுத பூஜை அன்றைக்குப் படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா ஆச்சு, எதுனா தெரிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டே பிரின்சி தலைமுடியை முடிந்தாள்.

"இன்னாத்த தெரியறது. வெளக்கு வருது, ஃபேன் சுத்துது, கம்பெனி பேரு வருது, அப்படியே படுத்துக்குது. இதே பேஜாராப் பூடுச்சு." சொல்லிவிட்டு அவன் சமையல் கட்டுப் பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினான். "அப்டேட் ஓடிக்கினு இருக்கும்போது ப்ளக்க புடுங்கினா வேற இன்னா ஆவும்."

சமையல் கட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் ஒரு நொடி நின்று, மறுபடி தொடர்ந்தது.

குணசுந்தரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவள் என்று சொல்ல வாய் வராது. நாற்று நட்டே இடுப்பு போனவள், புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகளைக் கட்டிக் கொடுத்து மகனை ஐடிஐ படிக்க வைத்தவள். ஆனால் மகன் வேதக்காரப் பெண்ணைக் கட்டிக்கொண்டு வந்து நின்ற நாளிலிருந்து, மருமகளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை கிடையாது, சாடை கிடையாது. சொல்ல வேண்டியதைச் சுவருக்குச் சொல்வாள். "சோறு ஆறிக்கினு கெடக்குது" என்று சுவரிடம் சொன்னால் பிரின்சி சாப்பிட வர வேண்டும். "பஸ்ஸு வர்ற நேரமாச்சு" என்று கோழியிடம் சொன்னால் பிரின்சி கிளம்ப வேண்டும். கோழிக்கு எந்தக் கம்பெனியில் ஷிப்டு என்று முதலில் பிரின்சிக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு வற்றிவிட்டது. தன் வீட்டிலும் பேச்சு இல்லை, அப்பா ஆசீர்வாதம் போனை எடுப்பதே இல்லை. இங்கேயும் சுவர் வழியாகத்தான் சோறு என்றால் மனுஷி எத்தனை நாளைக்குத் தாங்குவாள்.

அதனால்தான் ஆயுத பூஜை அன்று அவளுக்கு அந்தப் புத்தி வந்தது. அன்றைக்கு அவள் கிளம்ப வேண்டியது மத்தியானத்துக்கு மேல்தான். குணசுந்தரி வாழை இலையும் பொரியும் வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். துளசிராமன் கம்பெனி பூஜைக்குப் போயிருந்தான். வீட்டில் இருக்கிற சாமான்களுக்கெல்லாம் நாமே பொட்டு வைத்துவிட்டால் மாமியார் வந்து பார்ப்பாளே என்று பிரின்சிக்குத் தோன்றியது. தோன்றியதும் சந்தனப் பொடிப் பாக்கெட்டைப் பிரித்துக் கிண்ணத்தில் கொட்டினாள்.

பிறந்த வீட்டில் நெற்றிக்கே பொட்டு கிடையாது, இதில் மிக்ஸிக்கு எப்படி வைப்பது என்று யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். சந்தனம் கெட்டியாக, விரலில் எடுத்தால் அப்படியே நிற்கிற பதத்தில் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. பன்னீரைத் தாராளமாக ஊற்றிப் பாயசம் மாதிரி கரைத்துவிட்டாள். பைக்குக்கு வைத்தாள், வழிந்தது. கேஸ் அடுப்புக்கு வைத்தாள், வழிந்தது. வழிந்தால் என்ன, மேலே இன்னொன்று. அரிவாள்மனை, மண்வெட்டி, டிவி, ஃபேன் ஸ்விட்ச், தன் கழுத்தில் மாட்டுகிற கம்பெனி ஐடி கார்டு வரைக்கும் வைத்து முடித்தாள். கடைசியாகக் கேம் பெட்டி. அதன் மேல் விளிம்பில், பொட்டு வைக்கவே அளவெடுத்துச் செய்த மாதிரி வட்டமாக ஒரு பொத்தான் இருந்தது. வழிய வழிய மூன்று தடவை சந்தனம் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தாள். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

குணசுந்தரி திரும்பி வந்தாள். இலையைக் கீழே வைத்துவிட்டு வீட்டைச் சுற்றி ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஐடி கார்டைப் பார்த்தபோது அவள் வாயோரம் ஏதோ அசைந்தது. பிறகு சுவரைப் பார்த்து, "பரவால்ல" என்றாள்.

அந்த ஒற்றைப் பரவாயில்லையை வைத்துக்கொண்டு பிரின்சி அன்றைக்கு ஷிப்டு முழுக்க நின்றாள். கால் வலித்ததே தெரியவில்லை.

வீடு திரும்பியபோது எல்லாம் தலைகீழாகியிருந்தது. மத்தியானம் துளசிராமன் வந்து பெட்டியை ஆன் செய்து, அப்டேட் கேட்கிறதே என்று சார்ஜர் மாட்டி ஓட விட்டு, திரை கண்ணைக் கூச வைத்ததால் அதை அணைக்கப் பொத்தானை ஒரு அமுக்கு அமுக்கிவிட்டு, அப்படியே தூங்கிப்போயிருக்கிறான். விழித்துப் பார்த்தால் சார்ஜர் ப்ளக் தரையில் கிடக்கிறது, அந்த இடத்தில் மிக்ஸி ஓடுகிறது, அம்மா வடைக்கு அரைத்துக்கொண்டிருக்கிறாள், பெட்டி செத்துக் கிடக்கிறது. தூக்கம் கலைந்த கோபத்தில் அவன் பேசியது தெருவுக்கே கேட்டதாம். "உனுக்கு வேற பாயிண்டே கெடைக்கலியா? இந்த ஊட்டுல ஒரு பொருள உருப்படியா வெக்க முடியுதா? நீ தொட்டது எதும்மா வெளங்கியிருக்குது?" என்று கேட்டுவிட்டான்.

தாலி அறுத்த பொம்பளையைப் பார்த்துப் பெற்ற பிள்ளை கேட்கிற கேள்வியா அது. நாக்கில் நரம்பில்லாவிட்டால் என்ன வேண்டுமானாலும் பேசலாம் போலிருக்கிறது. குணசுந்தரி வடையைச் சுட்டு மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து மகன் இருக்கிற நேரத்தில் அவள் தட்டில் கை வைப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் இருந்தது. பிரின்சி டீ போட்டு மூன்று டம்ளரில் ஊற்றினாள். மாமியாரின் டம்ளரை அடுப்பு மேடையில் வைக்கப் போனவள், மூலையில் ஒயர் கூடையைப் பார்த்தாள். உள்ளே இரண்டு புடவை, சீப்பு, சுகர் மாத்திரை அட்டை.

"ஊத்துக்கோட்டைக்கு இப்ப பஸ்ஸு இருக்குதோ இன்னாவோ" என்று குணசுந்தரி ஜன்னல் கம்பியிடம் சொன்னாள்.

ஊத்துக்கோட்டையில் அவள் மகள் சுமலதா இருக்கிறாள். நாள் கிழமைக்குப் போனாலே சாயங்காலம் திரும்பிவிடுகிறவள் மாத்திரை அட்டையோடு கிளம்புகிறாள் என்றால் சீக்கிரம் வருகிற எண்ணம் இல்லை. நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்று யாரும் பிரின்சிக்குச் சொல்ல வேண்டியதில்லை. வேதக்காரப் பெண் வந்தாள், மாமியாரை விரட்டிவிட்டாள் என்று சொல்லும். மகன் பேசினான் என்று ஒரு வாய் சொல்லாது.

நடு வீட்டுக்கு வந்து டீயை வைத்தாள். "உங்கம்மா ஊருக்குப் போறாங்க போல" என்றாள்.

"போயிட்டு வரட்டும்." அவன் நிமிரவில்லை. போனில் எவனோ பெட்டியைப் பிரித்துக் காட்டுகிற வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒருவன் இங்கிலீஷில் சொல்கிறான், இன்னொருவன் இந்தியில் சொல்கிறான், மூன்றாமவன் வாயே திறக்காமல் பாட்டுப் போட்டுக் கழற்றுகிறான். துளசிராமன் மூன்று பேர் சொன்னதையும் செய்து பார்த்துவிட்டான். வேறு சார்ஜர் மாற்றினான். மெமரி கார்டை உருவினான். பின்பக்கம் திறந்து பேட்டரி வயரைப் பிடுங்கி, ஆற விட்டு, மறுபடி சொருகினான். பவர் பொத்தானையும் சவுண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினான், தனித்தனியே அமுக்கினான், திட்டிக்கொண்டே அமுக்கினான்.

இப்போதும் மூடியை மாட்டிவிட்டுப் பவர் பொத்தானை அமுக்கினான். விளக்கு எரிந்தது. ஃபேன் சுற்றியது. திரையில் பெயர் வந்தது, கொஞ்ச நேரம் நின்றது, அணைந்தது.

பிரின்சி டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள். ஏதோ ஒன்று இல்லை. என்ன இல்லை என்று உடனே பிடிபடவில்லை.

"இன்னொரு வாட்டி அமுக்குங்க."

அமுக்கினான். அப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சத்தம் இல்லை. அவள் வேலை பார்ப்பது கார் ஜன்னலை ஏற்றி இறக்குகிற ஸ்விட்ச் செய்கிற கம்பெனியில். ஷிப்டு முழுக்க அவளுக்கு ஒரே வேலை, வருகிற ஸ்விட்சை எல்லாம் அமுக்கிப் பார்ப்பது. அமுக்கினால் விரலுக்கு ஒரு துள்ளல் தெரிய வேண்டும், காதுக்கு டிக்கென்று கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சிவப்பு டப்பாவில் போட வேண்டும். உலைச் சூட்டில் காய்த்துப்போன துளசிராமனின் விரலுக்கு அந்தத் துள்ளல் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அவளுக்கு அப்படி இல்லை.

பெட்டியை வாங்கி விளிம்பைப் பார்த்தாள். மேலே வைத்த பொட்டு உதிர்ந்து போயிருந்தது. பொத்தானைச் சுற்றி இருந்த இடுக்கில் மட்டும், நகக்கண்ணில் சேர்ந்த அழுக்கு மாதிரி மெல்லிசாக ஒரு மஞ்சள் வளையம். பொத்தான் பாதி உள்ளே போனபடி நின்றிருந்தது.

பாக்கெட் சந்தனத்தில் சந்தனம் எவ்வளவு, மாவு எவ்வளவு என்று செய்தவனுக்கே வெளிச்சம், காய்ந்தால் சிமெண்ட். ஈரமாக இருந்தவரை விட்டுக்கொடுத்த பொத்தான், அவன் கடைசியாக அமுக்கியபோது உள்ளே போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. பவர் பொத்தானை அமுக்கியபடியே வைத்திருந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் அணைந்துதான் போகும். அது எழுந்திருக்கப் பார்க்கிறது. இவள் வைத்த பொட்டு அதன் கழுத்தைப் பிடித்து அமுக்கிக்கொண்டே இருக்கிறது. ப்ளக்குக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

"இன்னாடி பாக்கற அப்பிடி?"

"ஒண்ணுல்லங்க. சும்மா" என்றாள். பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள்.

சொல்லிவிடலாம். சொன்னால் மாமியார் பழியிலிருந்து தப்பிப்பாள். ஆனால் அதற்கப்புறம் என்ன ஆகும் என்று நினைக்கவே அவளுக்கு அலுப்பாக இருந்தது. இந்த வீட்டுக்கு வந்து அவள் செய்த முதல் பூஜை. அவள் கையால் வைத்த பொட்டு. அது வைத்த அன்றைக்கே ஒரு பொருள் செத்தது என்றால், சுவரிடம் சொல்லக்கூட அந்த அம்மாவுக்கு வார்த்தை மிச்சமிருக்காது. உள்ளே தங்கவைத்திருக்கிற அந்த ஒற்றைப் பரவாயில்லையும் போய்விடும். பழகாத கை பூஜையைத் தொட்டால் இப்படித்தான் என்று தெருவில் நாலு பேர் சொல்வார்கள். சிவப்பு டப்பாவில் தன்னையே போட்டுக்கொள்வது யாருக்குத்தான் பிடிக்கும்.

இதற்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது என்றும் அவளுக்குத் தோன்றியது. "போய் குளிச்சிட்டு வாங்க, மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள். அவன் முனகிக்கொண்டே எழுந்து போனான். குளியலறைக் கதவு சாத்தியதும், தாலிக்கயிற்றில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, பெட்டியை எடுத்துவைத்து இடுக்கில் குத்தத் தொடங்கினாள். யாருக்கும் தெரியாமல் சுத்தம் செய்துவிட்டால், அது தானாக எழுந்துகொண்டதாக இருந்துவிட்டுப் போகட்டும். மஞ்சள் தூள் துளித் துளியாக உதிர்ந்தது. அவசரத்தில் ஊக்கு வழுக்கிப் பெட்டியில் ஒரு கீறல் விழுந்தது.

தலையைத் தூக்கினால் சமையல் கட்டு வாசலில் குணசுந்தரி நின்றுகொண்டிருந்தாள். ஊக்கைப் பார்த்தாள், துண்டில் உதிர்ந்த மஞ்சளைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். திரும்பிப் போய்ச் சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த மூக்குக் கண்ணாடியை எடுத்துக் கூடையில் வைத்தாள்.

அதே நேரம் வாசலில் பைக் வந்து நின்றது. துளசிராமனோடு உலையில் வேலை பார்க்கிற தானியேல் வந்துவிட்டான். பெட்டிக்குப் புது உயிர் கொடுக்கிறேன் என்று பென்டிரைவில் எதையோ ஏற்றிக்கொண்டு வந்திருந்தான். காலையில் சர்ச்சுக்குப் போன சட்டையிலேயே இருந்தான். வந்து உட்கார்ந்ததும் வாயைக் கிழித்துக்கொண்டு ஒரு கொட்டாவி விட்டான்.

"தங்கச்சி, கொஞ்சம் தண்ணி குடும்மா. தூங்குனா எழுப்பி உடு, இங்கியே படுத்துருவேன்."

துளசிராமன் ஈரத் தலையோடு வந்து உட்கார்ந்தான். "இதுல போட்டா வந்துருமா மச்சான்?"

"செத்தவனே எந்திரிச்சி உக்காருவான். ஆனா பழைய நெனப்பு ஒண்ணும் இருக்காது. மொத்தமும் அழிச்சிட்டுப் புதுசா ஏத்தணும். உன் லாரி, ரோடு, எல்லாம் பூடும். சரியா?"

துளசிராமன் துண்டால் முகத்தைத் துடைத்தான். துடைத்த துண்டை முகத்திலேயே கொஞ்ச நேரம் வைத்திருந்தான். "போனா போவட்டும் போ. முடியல என்னால."

கேட்ட பிரின்சி பென்டிரைவைப் பார்த்தாள். இரண்டு பேருமாகச் சாய்ந்து பார்த்துக்கொண்டு வந்த பாதை அது. அந்தப் பனி முழுக்கத் தானியேல் துடைத்து எடுத்துவிடுவான். அப்புறமும் பொத்தான் உள்ளேயேதான் கிடக்கும், பெட்டி எழுந்திருக்காது, பழி மட்டும் கிழவி தலையில் நிரந்தரமாக நிற்கும். தானியேல் பென்டிரைவைப் பெட்டியின் பக்கத்தில் கொண்டுபோனான். அந்த நேரம் பார்த்துக் குணசுந்தரி கூடையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். மகனைப் பார்க்கவில்லை. வாசல் நிலையைப் பார்த்து, "கோழிய அடைக்க மறந்துறப் போறாங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பில் காலை நுழைத்தாள்.

"அத்த, நில்லுங்க" என்றாள் பிரின்சி.

குணசுந்தரி நின்றாள். திரும்பவில்லை.

"தானியேல் அண்ணா, அத எதுவும் பண்ணாதீங்க." அவள் குரல் அவளுக்கே யாருடையதோ மாதிரி கேட்டது. "ஏங்க, உங்கம்மா ப்ளக்க புடுங்கினதால அது கெடல. நான்தான் கெடுத்தேன். பூஜைக்குச் சந்தனம் வெக்கறன்னு அந்தப் பொத்தான் மேலயே வெச்சேன். தண்ணியாப் பூடுச்சு, உள்ள எறங்கி காஞ்சி போயி பொத்தான் உள்ளயே நிக்குது. வேணும்னா பாருங்க, டிக்குன்னு சத்தம் வருதா? வராது. எனக்குக் காலைலயே தெரியும். பயந்துக்கினு சொல்லல."

தானியேலுக்குத் தூக்கம் போய்விட்டது. துளசிராமன் பெட்டியைக் கையில் வாங்கி, பொத்தானை அமுக்கிப் பார்த்தான், காதோரம் வைத்து மறுபடி அமுக்கினான். விளிம்பைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். அவன் கழுத்து நரம்பு புடைப்பதைப் பிரின்சி பார்த்தாள்.

"ஏன்டி, உனுக்கு அறிவு..."

"டேய்" என்றாள் குணசுந்தரி.

அதட்டலே இல்லை. களைத்துப்போன குரல்தான். ஆனால் அவன் நிறுத்திவிட்டான்.

"பூசைக்குத்தான வெச்சா. உங்க கம்பெனில மெஷினுக்கு வெக்கல? அவள இன்னாத்துக்குக் கேக்கற? இத்தினி நாளா அதக் கைலயே வெச்சிக்கினு அமுக்கிக்கினு இருந்தியே, மஞ்சளா இருக்கறது உன் கண்ணுக்குத் தெர்லயா?"

தானியேல் தலையைக் குனிந்து பென்டிரைவுக்கு மூடி மாட்டினான். மச்சானுக்கு இப்படி ஒரு கொட்டு விழுந்ததில் அவனுக்குச் சந்தோஷம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

பிரின்சி எழுந்து போய், கொரோனா காலத்திலிருந்து அலமாரியில் கிடந்த சானிடைசர் பாட்டிலையும் பழைய பல் பிரஷ்ஷையும் கொண்டுவந்தாள். துளசிராமன் மூடியைக் கழற்றி, பேட்டரி வயரைப் பிடுங்கிக் கொடுத்தான். ஒரு சொட்டு விட்டு ஊறவைத்து, ஊக்கால் கிளறி, பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்தாள். மறுபடி ஒரு சொட்டு. கரைந்த சந்தனம் குழைந்து வந்தது. வாசனை ஒன்றும் பெரிதாக இல்லை, ஏமாற்றுக்காரப் பாக்கெட். கடைசியாக ஒரு கட்டி உதிர்ந்ததும், உள்ளே போயிருந்த பொத்தான் தானாக மேலே வந்து நின்றது. நன்றாகக் காயட்டும் என்று ஃபேனுக்குக் கீழே வைத்தார்கள். அதுவரை நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குணசுந்தரி மட்டும் கூடையைக் கையிலேயே வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தாள்.

துளசிராமன் வயரைச் சொருகி மூடியை மாட்டினான். பொத்தானில் விரலை வைக்கப் போனவனிடமிருந்து பிரின்சி பெட்டியை வாங்கினாள். வாசலுக்குப் போய் மாமியாருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"அத்த, நீங்க அமுக்குங்க."

குணசுந்தரி கையை இழுத்துக்கொண்டாள். "நான் தொட்டா வெளங்காதாம்" என்று கூடையிடம் சொன்னாள்.

துளசிராமன் தரையைப் பார்த்தான். யாராவது அந்த வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொடுத்தால் விழுங்கிவிடுவான் போலிருந்தது. விழுங்க முடிகிற பொருளா அது.

"வெளங்கும். நீங்க அமுக்குங்க" என்றாள் பிரின்சி. பெட்டியை நீட்டியபடியே இருந்தாள். கை வலித்தது, இறக்கவில்லை.

கடைசியில் குணசுந்தரி புடவையில் விரலைத் துடைத்துக்கொண்டு, சுடுகிற பாத்திரத்தைத் தொடுகிறவள் மாதிரி பொத்தானைத் தொட்டு அமுக்கினாள். டிக்கென்று கேட்டது. விளக்கு வந்தது, ஃபேன் சுற்றியது, பெயர் வந்தது. அணையும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அணையவில்லை. அப்டேட் பாதியில் நிற்கிறது, தொடரட்டுமா என்று திரை கேட்டது.

"அட நைனா" என்றான் தானியேல்.

அப்புறம் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கட்டிப்பிடித்து அழுகிற பழக்கம் அந்த வீட்டுக்குக் கிடையாது. துளசிராமன் எழுந்து வந்து அம்மாவின் மடியிலிருந்து கூடையை எடுத்தான். "அப்ப நீ ப்ளக்க புடுங்கும்போது..." என்று ஆரம்பித்தான்.

"நான் மிக்ஸிய சொருவ வரும்போதே உன் பெட்டி கண்ண மூடிக்கினு கெடந்துது. எரியாத பொருளுக்கு இன்னாத்துக்குக் கரண்டுன்னு எடுத்துட்டேன்."

"அத அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். அவன் கூடையை வைத்துக்கொண்டு, மன்னிப்பு எந்த வாயால் கேட்பது என்று தெரியாமல் நின்றான். பிறகு, "ம்மா, கறி வாங்கியாரட்டுமா?" என்று மட்டும் கேட்டான். அவன் வகையில் அதுதான் மன்னிப்பு. உள்ளேயிருந்து, "எலும்பு கம்மியா போடச் சொல்லு" என்று பதில் வந்தது. தானியேல் பைக்கை எடுத்தான், இரண்டு பேரும் கிளம்பிப் போனார்கள்.

பிரின்சி சமையல் கட்டுக்குப் போய் வெங்காயக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். உடம்பில் இருந்த பலமெல்லாம் அந்தப் பொத்தான் வழியாகவே இறங்கிப் போய்விட்ட மாதிரி இருந்தது. குணசுந்தரி அடுப்பில் உலை வைத்தாள். இரண்டு வெங்காயம் உரித்த பிறகு பிரின்சியால் அடக்க முடியவில்லை.

"அத்த, அவரு அவ்ளோ பேச்சு பேசும்போது, நான் புடுங்கறப்பவே அது செத்துதான் கெடந்துதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே. ஏன் வாங்கிக்கினீங்க?"

கேட்டுவிட்டு அவள் வெங்காயத்தைத்தான் பார்த்தாள். பதில் வந்தாலும் அடுப்புக்குத்தான் வரும், சுவருக்குத்தான் வரும் என்று தெரியும்.

"அவன் தூக்கம் கெட்டா யாரையாவது கடிக்காம உட மாட்டான். அவங்கப்பனும் அப்பிடித்தான்" என்றாள் குணசுந்தரி. அரிசியைக் களைந்து தண்ணீரை வடித்தாள். "நான் இல்லன்னு சொல்லியிருந்தா அடுத்தது யாரப் புடிப்பான்? இந்த ஊட்டுல இருக்கறது நீயும் நானும்தான."

பிரின்சி நிமிர்ந்தாள். குணசுந்தரி சுவரைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அழாத" என்றாள்.

"வெங்காயம் அத்த" என்றாள் பிரின்சி. குணசுந்தரி அரிவாள்மனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மீதி வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினாள்.